‘தரிசு’ என்று பெயர் வாங்கிய புல்வெளி

நீலகிரியின் பச்சை மேடுகளை சினிமா கேமரா வெற்றிடமாகப் பார்த்தது. சர்க்கார் பதிவேடும் அப்படியே பார்த்தது. அங்கே எருமை மேய்த்தவர்களின் கணக்கு வேறு.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த யாருக்கும் இந்த இடத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அலை அலையாகப் புரளும் புல்மேடுகள், மடிப்புகளில் கறுத்து நிற்கும் சோலை, உச்சியில் மேகம். கதாநாயகியின் தாவணி காற்றில் பறக்கும். கதாநாயகன் சரிவில் உருண்டு வருவார். ஊட்டியிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஆறாவது மைல், ஒன்பதாவது மைல் என்று சொல்லி சுற்றுலா வண்டிக்காரர்கள் இறக்கிவிடும் இடம். உள்ளூரில் ‘ஷூட்டிங் மட்டம்’ என்றால் குழந்தையும் வழி சொல்லும். வரைபடத்தில் இந்த வெளியின் பெயர் வென்லாக் டவுன்ஸ். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த வென்லாக் பிரபுவின் ஞாபகார்த்தம்.

பிரபு வருவதற்கு முன்பு அந்த மேடுகள் பெயரில்லாமல் கிடக்கவில்லை. ஒவ்வொரு மேட்டுக்கும் சதுப்புக்கும் ஓடைக்கும், எருமை தண்ணீர் குடிக்கும் துறைக்கும் தோடர்கள் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர்கள் அவர்களுடைய பாட்டில் இருந்தன, பிரார்த்தனையில் இருந்தன. பட்டாவில் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள இந்தச் சமூகத்தைப் பற்றி எழுதப்பட்டிருப்பவை ஒரு சிறு நூலகத்துக்குப் போதும். கேம்பிரிட்ஜிலிருந்து வந்த டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் 1901-02இல் மலையில் தங்கி, வம்சாவளிகளைப் பெயர் பெயராகக் கேட்டுத் தொகுத்து, 1906இல் ‘தி தோடாஸ்’ என்ற பெரிய புத்தகத்தை வெளியிட்டார். மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் நூல் அது. அதற்குப் பின் வந்த எழுத்தில் பெரும்பகுதி ஒரு விஷயத்தையே சுற்றிச் சுற்றி வந்தது: சகோதரர்கள் சேர்ந்து ஒரு பெண்ணை மணக்கும் பழைய வழக்கம். அடுத்தபடியாக அவர்களுடைய தாடி, உயரம், ‘ரோமானிய’ மூக்கு. எங்கிருந்தோ வந்து சேர்ந்த இனம் என்று காட்ட வெள்ளைக்காரர்களுக்கு ஏனோ அவ்வளவு ஆசை. மொழி வேறு கதையைச் சொல்கிறது. தோடா தென்திராவிட மொழி. கோத்தர் மொழிக்கு மிக நெருங்கிய உறவு, தமிழுக்குப் பங்காளி.

உதாரணத்துக்கு ஒரே ஒரு சொல். தோடர் குடியிருப்பை நாம் ‘மந்து’ என்கிறோம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, தமிழின் மன்று, மன்றம், மந்தை ஆகிய சொற்களோடு தோடர் சொல்லையும் ஒரே பதிவின் கீழ் வைக்கிறது. ஊர் கூடும் பொது இடமும் மாடு அடையும் இடமும் ஒன்றாக இருந்த காலத்தின் சொல். சென்னையில் சட்டமன்றம் என்கிறோம். மலையில் அதே சொல் எருமையோடு நின்றுவிட்டது. ஒத்தக்கல் மந்து என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் ஊட்டகமண்ட் ஆயிற்று. பிறகு நாமே அதை ‘உதகமண்டலம்’ என்று திருத்தி மந்தை முழுசாக மறைத்தோம். மண்டலத்துக்குள் மன்று ஒளிந்திருப்பது சுற்றுலாத் துறைக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் ஐந்திணை படித்தவர்களுக்கு இங்கே ஒரு சின்னச் சங்கடம் உண்டு. மலை என்றால் குறிஞ்சி, தினைப்புனம், வேட்டை. மேய்ச்சலும் பாலும் மோரும் முல்லைக்கு உரியவை. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேலே முல்லையின் தொழில் குறிஞ்சி நிலத்தில் நடக்கிறது. குறிஞ்சிப் பூ பூப்பதும் இந்தப் புல்வெளியில்தான். பாடத்திட்டத்தை மலைக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மேலே ஏறினார். சில ஆண்டுகளில் ஒத்தக்கல் மந்துப் பக்கம் கல் பங்களா எழும்பியது, ஏரி வெட்டப்பட்டது. ஊட்டியைக் ‘கண்டுபிடித்த’ பெருமையை அவருக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள். அவர் போட்ட சண்டையைச் சொல்பவர்கள் குறைவு. இந்தப் புல்வெளி தோடர்களின் சொத்து, ஐரோப்பியர் நிலம் எடுத்தால் அவர்களுக்கு ஈடு தர வேண்டும் என்று சல்லிவன் வாதாடினார். (தனக்கும் கணிசமான நிலத்தை வளைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) 1827இல் கவர்னரான லஷிங்டனின் கட்சி வேறு: தோடர்களுக்கு மேய்க்கும் உரிமைதான் உண்டு, நிலம் சர்க்காருடையது. கடைசியில் நிலைத்தது இரண்டாவது கட்சி. உழாத நிலம், வேலி போடாத நிலம், வரி கட்டாத நிலம் மூன்றுக்கும் கம்பெனி நிர்வாகத்தில் ஒரே சொல்தான். தரிசு.

இந்தச் சொல் நம்மை விட்டுப் போகவில்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில், தரம் குன்றிய மேய்ச்சல் நிலமும் ஒரு வகை. புல்லை மதிக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்பதற்கு மலைக்குப் போகவும் வேண்டாம். இதை எழுதும் மும்பை அணுசக்தி நகரில், குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பின்னால் டிராம்பே குன்று. ஜூலையில் பச்சைப் பட்டு, பிப்ரவரியில் பழுத்த கோரைப்பாய். பழுத்திருக்கும் மாதங்களில் பார்ப்பவர்கள் ‘மரம் வைத்தால் நன்றாக இருக்குமே’ என்கிறார்கள். புல் என்றால் மரம் வராத குறை என்பது நம் பொதுப்புத்தி.

அந்தப் பொதுப்புத்திக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘பிரெய்ரி’ எனப்படும் வட அமெரிக்கப் புல்வெளிக்கு மொழிபெயர்ப்பாளர்கள் தமிழில் ஒரு சொல் தேடிக் களைத்திருக்கிறோம். அந்த ஊர் ஆங்கிலேயருக்கே சொல் கிடைக்காமல், பசும்புல் நிலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைக் கடன் வாங்கினார்கள். 1837இல் ஜான் டியர் இலினாயில் எஃகுக் கலப்பை செய்தார். புல்வேர் பின்னிய கெட்டி மண் பிளந்தது. கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகள் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆயிரத்துக்கும் கீழே வந்தன. அவற்றை நம்பி வாழ்ந்த பூர்வகுடிகள் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். உயர்புல் பிரெய்ரியில் மிஞ்சியது 4 சதவிகிதத்துக்கும் குறைவு. உலகம் கொண்டாடும் மரநடுவிழா பிறந்ததும் அதே புல்வெளியில்தான்: 1872, நெப்ராஸ்கா மாநிலம். புல் மட்டும் இருந்தால் நிலம் அம்மணமாக இருக்கிறது என்று குடியேறியவர்களுக்குத் தோன்றியது. 1950இல் கே.எம். முன்ஷி தொடங்கிய நம் வனமகோத்சவத்துக்கும் அந்த விழா தூரத்து உறவு.

நீலகிரியில் மரம் நடும் வேலை மகோத்சவத்துக்கு நூறு வருஷம் முன்பே ஆரம்பித்துவிட்டது. ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் குடியேறியதும் விறகு தட்டுப்பட்டது. சோலைகள் வெட்டப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஸ்திரேலியாவிலிருந்து தைல மரமும் சீகை எனப்படும் வாட்டிலும் வந்தன. முதலில் அடுப்புக்கு, பிறகு தோல் பதனிட வாட்டில் பட்டை, சுதந்திரத்துக்குப் பின் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் ரேயான் கூழுக்கு மரம். ஐந்தாண்டுத் திட்டங்களில் புல்மேடுகள் ஹெக்டேர் கணக்கில் தோட்டங்களாயின. மரம் நடுவது புண்ணியம். அதிலும் தரிசில் நடுவது இரட்டைப் புண்ணியம். யார் கேள்வி கேட்பது?

பள்ளங்களில் உருளைக்கிழங்கு ஏறியது. பைக்காரா மின்நிலையம் 1932இல் ஓட ஆரம்பித்தது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு 1950களிலும் 60களிலும் குந்தா மின்திட்டம் கட்டப்பட்டு எமரால்டு, அவலாஞ்சி, மேல் பவானி என்று ஏரிகள் நிரம்பின. அவற்றுக்கடியில் மேய்ச்சல் சரிவுகளும் சதுப்புகளும் போயின. பிரெய்ரியின் தேசத்திலிருந்து வந்த பொறியாளர்களுக்கு இந்தப் புல்லைப் பார்த்து ஊர் ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. வென்லாக் டவுன்ஸிலேயே ஒரு புறம் சாண்டிநல்லா செம்மறி ஆராய்ச்சி நிலையம். இன்னொரு புறம் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். கறுப்பு-வெள்ளை ‘இந்து’ ஃபிலிம் சுருளும் ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த பொதுத்துறை ஆலை. காற்றில் தூசி இல்லை என்பதால் புல்வெளியைத் தேர்ந்தெடுத்தார்கள். டிஜிட்டல் காலத்தில் ஆலை நொடித்து, 2010களில் மூடப்பட்டது. இந்து நகர் என்ற பெயரும் பாழடைந்த கட்டடங்களும் மிச்சம்.

புல்வெளி ‘இயற்கை’ இல்லை, காட்டை வெட்டியதாலும் எரித்ததாலும் உண்டானது என்று நீண்ட காலம் ஒரு கட்சி பேசிவந்தது. அதற்குப் பதில் சதுப்பு மண்ணிலிருந்து கிடைத்தது. நீலகிரியின் கரிச்சதுப்புகளை அடுக்கடுக்காகத் தோண்டி, மக்கிய தாவரங்களின் கார்பன் வகைகளை ஆராய்ந்தார்கள் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் ஆமதாபாத்தின் ஆர். ராமேஷும் மற்றவர்களும். 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முடிவு, பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, இங்கே புல் ஆட்சி செய்ததைக் காட்டியது. மேடுகளில் கோடாலி விழும் முன்பே புல் இருந்தது.

தண்ணீர்க் கணக்கும் புல்லின் பக்கமே நின்றது. உதகையின் மத்திய மண்-நீர்வள ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் அருகருகே இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் புல் அப்படியே இருக்க, மற்றதில் தைல மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நட்ட பக்கத்தின் நீர்வரத்து 16 சதவிகிதம் குறைந்தது. பவானிக்கும் மோயாருக்கும் போகும் தண்ணீர் அது. கோடையில் கோபிசெட்டிபாளையத்து மடையில் ஓடுவதன் ஒரு பங்கு, மலை உச்சியில் புல்வேர் பிடித்து வைத்துக் கசியவிட்டது.

தோடர்கள் இதை ஹெக்டேரிலும் சதவிகிதத்திலும் கணக்கிடவில்லை. அவர்களுடைய கணக்கு எருமையில் தொடங்கும். எருமைகளில் சில வீட்டுக்குரியவை, சில கோயிலுக்குரியவை. கோயில் என்றால் பால்மனைதான்: பூசாரியே கறப்பார், கடைவார், நெய் காய்ச்சுவார். எருமைக்கு உப்புக் கொடுப்பதற்குக்கூடத் தனிச் சடங்கு. வறண்ட மாதங்களில் மேற்கே குந்தா, முக்கூர்த்திப் பக்கம் புல் பச்சையாக இருக்கும். மந்தையும் குடும்பமும் அங்கே நகரும். மழையோடு திரும்பும். காய்ந்த புல்லைத் துண்டு துண்டாக எரித்து இளம்புல் வரவைப்பது மேய்ப்பர் வழக்கம். வனத்துறை வந்தபின் அது குற்றம். படகர் தானியம் தந்தார்கள். கோத்தர் சட்டியும் இரும்பும் செய்தார்கள், சாவுக்கு வாத்தியம் வாசித்தார்கள். குறும்பர் காட்டிலிருந்து பொருள் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் ஈடாகத் தோடர் பக்கத்திலிருந்து போனது பெரும்பாலும் எருமையும் நெய்யும். அதாவது, புல்.

இறந்தவர்களும் இந்த வெளியில்தான் நடக்கிறார்கள். உயிர் மேற்கே போகும். எந்த மேட்டை ஏறும், எந்த ஓடையைத் தாண்டும், எந்தக் கல்லருகே நிற்கும் என்பதெல்லாம் மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த வழியைத் தோடர்களோடு கால்நடையாகவே போய்ப் பார்த்துப் பதிவு செய்தவர் ஊட்டியின் தருண் சாப்ரா. தொழில் பல் வைத்தியம். 2015இல் வெளிவந்த அவருடைய ‘தி தோடா லேண்ட்ஸ்கேப்’ புத்தகத்தைப் படித்தால், மறுவுலகம் ஆகாயத்தில் இல்லாமல் நில அளவை வரைபடத்துக்குள் இருப்பது புரியும். நம் சொர்க்கத்துக்கு சர்வே எண் கிடையாது. அவர்களுக்கு உண்டு.

பாட்டும் அப்படியே. 1935 முதல் 1938 வரை நீலகிரியில் இருந்து மொழி கற்ற முர்ரே எமனோ, தான் சேகரித்த பாடல்களை 1971இல் பெரிய தொகுதியாக வெளியிட்டார். தோடர் பாட்டு மூன்று அசைச் சின்னத் துண்டுகளால் ஆனது. ஒரு துண்டு வந்தால் அதற்கு இணைத்துண்டு வந்தே தீரும். மந்துக்கு இணை மந்து, எருமைக்கு இணை எருமை, மேட்டுக்கு இணை மேடு. பாடுபவர் புதிதாகக் கட்டுகிறார், ஆனால் ஜோடிகள் மரபில் இருப்பவை. இதை மொழிபெயர்ப்பது எப்படி? சொற்களுக்குப் பொருள் எழுதிவிடலாம். ஒரு மேட்டின் பெயரைக் கேட்டதும் அதன் ஜோடி மேட்டை எதிர்பார்க்கும் காதை எந்தப் பக்கத்து அடிக்குறிப்பில் கொடுப்பது? போதாததற்கு, தோடா மொழியின் ரகர வகைகளும் உரசொலிகளும் தமிழ் எழுத்துக்குள் அடங்குவதில்லை. அந்த மேடுகள் வாட்டிலுக்குள் போன பிறகு, பாடும் இளைஞனுக்கே அந்தப் பெயர் வெறும் ஓசையாகிவிடுகிறது.

முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயில் இருக்கிறது; மூன்போ என்பார்கள். மார்கழிக் குளிரில் மொற்பர்த் பண்டிகைக்கு எல்லா மந்துகளிலிருந்தும் ஆண்கள் வந்து கூடுவார்கள். வட்டம் கட்டிப் பாடி ஆடுவதும், இளைஞர்கள் வழவழப்பான உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்கிக் காட்டுவதும் மறுநாள் பத்திரிகைகளில் படமாக வரும். படத்தில் பின்னணியாக நிற்பது கூரை. பெட்டகம் போல் வளைந்த வீடானாலும் கூம்புக் கோயிலானாலும் மூங்கில், பிரம்பு, புல் மூன்றும்தான் பொருள். கோயில் கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது. சதுப்பில் மட்டுமே வளரும் ஒரு வகைதான் வேண்டும். தோடர் பெயர் ‘அவ்ஃபுல்’. தாவரவியலில் ரங்காச்சாரி என்ற நம் ஊர் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. உலகத்தில் நீலகிரியை விட்டால் கிடைப்பது அரிது. சதுப்புகளை முதலில் குடித்தது வாட்டில். மிச்சத்தை வடிகட்டியது கேரட் பாத்தி.

கேரட் பாத்தி என்றதும் ஒன்றை மறைக்கக் கூடாது. அவற்றில் சில தோடர்களின் சொந்த நிலத்திலேயே இருக்கின்றன. சிலர் தாங்களே பயிரிடுகிறார்கள், சிலர் குத்தகைக்கு விடுகிறார்கள். எருமை வைத்தால் புலி அடிக்கிறது, புல் இல்லை, பையன் படித்து பாங்க் வேலைக்குப் போக வேண்டும். எருமையைக் குறைத்துக்கொண்டவரைக் குறை சொல்ல வெளியிலிருந்து வரும் நமக்கு என்ன யோக்கியதை? சிவப்பும் கறுப்புமாகப் பெண்கள் நூல் எண்ணித் தைக்கும் பூத்தையல் 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் கொஞ்சம் வருமானம் வருகிறது. சால்வைக்கு மதிப்பு வந்துவிட்டது. அதைப் போர்த்தியவர் நின்ற நிலத்துக்கு வர இன்னும் நாளாகிறது.

செயற்கைக்கோள் படங்கள் சொல்லும் கணக்கு இது: 1973 முதல் 2017 வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அதாவது 23 சதவிகிதம், அந்நிய மரங்களுக்குப் போய்விட்டது. பழனி மலையில் தோட்டமும் விவசாயமும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிட்டன. நட்ட மரத்தைவிடத் தானாகப் பரவியது அதிகம். வாட்டில் விதை மண்ணுக்குள் பல்லாண்டு தூங்கும். வெட்டினால் தளிர்க்கும், எரித்தால் முளைக்கும்.

அரசு இப்போது மனம் மாறியிருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டது. 2022இல் அயல் தாவரங்களை அகற்ற மாநிலக் கொள்கை வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாநில விலங்கு வாழப் புல்வெளி வேண்டும், எனவே புல்லை மீட்க வேண்டும். நூற்றைம்பது வருஷம் நட்டதைப் பிடுங்கவும் ஒரு பட்ஜெட். தாமதமானாலும் சரியான செலவுதான். ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. மிச்சமுள்ள நல்ல புல்வெளியின் பெரும்பகுதி முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1990இல் தேசியப் பூங்கா ஆனபோதே அங்கே கால்நடை மேய்ச்சல் சட்டப்படி நின்றுவிட்டது. வரையாடு மேயலாம். எருமை மேயக் கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் சமூக உரிமையாகச் சொல்கிறது. புல்லை மீட்கும் திட்டங்களில் தோடர்கள் பெரும்பாலும் கூலிக்கு வருகிறார்கள், அல்லது வருகிறவர்களுக்கு நடனம் ஆடிக் காட்டுகிறார்கள்.

எந்தச் சரிவில் எந்தப் புல், எந்தச் சதுப்பு எந்த மாதம் நீர் கோக்கும், எங்கே எரிக்கலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் தெரிந்த தலைமுறை மந்துகளில் இன்னும் இருக்கிறது. கூம்புக் கோயிலுக்குச் சில ஆண்டுகளுக்கொரு முறை கூரை மாற்றியாக வேண்டும். ஆண்கள் மட்டுமே, விதிப்படி செய்யும் வேலை. ஒரு காலத்தில் மந்துக்கு எதிர்ச் சரிவில் அறுத்த புல்லுக்கு, இப்போது அரிவாளோடு மலை மலையாக அலைய வேண்டியிருக்கிறது.